வாள்முனையில் சந்தனம்

மற்றவர்கள் வீட்டு ஆயுத பூஜையில் கார் சாவி இருக்கும், மடிக்கணினி இருக்கும், தையல் மெஷின் இருக்கும். எங்கள் வீட்டில் மூன்று வருடமாக நிஜ ஆயுதமே இருக்கிறது. சாமிப் படங்களுக்கு முன்னால் பொரி, சுண்டல், ஆப்பிள், அவற்றுக்குக் குறுக்கே இரண்டு வாள்கள். பூஜைக்கு வந்த மேல்மாடி அக்கா, "உங்க வீட்லதான் இந்தப் பூஜைக்கு ஒரு அர்த்தம் இருக்கு" என்று சொல்லிவிட்டு, வாள்களைவிட்டு நன்றாகத் தள்ளி உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டார்.

அவர் பயந்திருக்கவே வேண்டாம். பதினைந்து வயதான என் மகள் வாள்வீச்சுப் போட்டிக்குப் பிடிப்பது வெட்டுகிற வாள் இல்லை. முனையில் ஒரு சின்னப் பொத்தான், அவ்வளவுதான். எதிராளியின் மேல் பட்டு அழுந்தினால் பொத்தான் உள்ளே போகும், விளக்கு எரியும், ஒரு புள்ளி கிடைக்கும். உடனே உள்ளே இருக்கிற ஸ்பிரிங் அதை வெளியே தள்ளிவிடும். பொத்தானிலிருந்து ஒரு வயர் வாளின் வழியாக இறங்கி, கைப்பிடியில் இன்னொரு வயரோடு சேர்ந்து, சட்டைக்கைக்குள் நுழைந்து, முதுகுப் பக்கம் வெளியே வந்து விளக்குப் பெட்டிவரை போகும்.

வயர் என்றால் எனக்கு ஒரு தனி மரியாதை உண்டு. பத்து காவான் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் கேபிள் சோதிக்கும் பிரிவில் பதினேழு வருடமாக வேலை பார்க்கிறேன். ஒரு கேபிளைக் கையில் எடுத்தால் தேறுமா தேறாதா என்று பாதி நேரம் மெஷின் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும். தேறாததைப் பார்க்கும்போது என் முகம் ஒரு மாதிரி போகுமாம். இதை முதலில் சொன்னது என் கணவர். அப்போது நான் பார்த்துக்கொண்டிருந்தது அவரைத்தான்.

அந்த முகம்தான் பிறகு வீட்டில் பெரிய பிரச்சினையாகிவிட்டது.

பயிற்சி நடப்பது எங்கள் ஊரான ஆயர் ஈத்தாமில், நூடுல்ஸ் விற்கிற ஒரு மீ கடைக்கு மேல்மாடியில். எங்கள் ஃபிளாட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். அங்கே என் மகளை யாராலும் அசைக்க முடியாது. அவளைவிட ஓர் அடி உயரமான பையன்களெல்லாம் குத்து வாங்கிவிட்டுத் தோளைத் தேய்த்துக்கொண்டு இறங்குவார்கள். ஆனால் போட்டி என்று வந்துவிட்டால் கை சுருங்கிப்போகும். மூன்று வருடத்தில் நாலு போட்டி. நாலிலும் நாக்-அவுட்டின் முதல் சுற்றோடு மூட்டை கட்டினோம்.

பயிற்சியாளர் நம் தமிழ்ப் பிள்ளைதான். பகலில் பள்ளிக்கூட ஆசிரியர், சாயங்காலம் வாள்வீச்சு. நாங்கள் எல்லாரும் அவரைக் கோச் என்போம், அவர் என்னை அக்கா என்பார். போட்டிப் பயத்தைப் போக்க அவர் செய்யாத வைத்தியம் இல்லை. ஸ்பீக்கரில் கூட்டத்தின் கூச்சலைப் போட்டு அதற்கு நடுவில் பிள்ளைகளை மோதவிடுவார். "பதினாலுக்குப் பதினாலு, கடைசிப் புள்ளி" என்று சொல்லி, அந்த ஒரே புள்ளியைத் திரும்பத் திரும்ப விளையாட வைப்பார். தாமே நடுவராக நின்று, வேண்டுமென்றே தப்பாகத் தீர்ப்புச் சொல்லி எரிச்சல் மூட்டுவார். மற்றப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் நன்றாகவே வேலை செய்தது.

நானும் சும்மா இருக்கவில்லை. மூன்று வருடமாகக் கைப்பேசியில் காணொளி பார்த்துப் பார்த்து, வாளையே பிடிக்காமல் பாதி கோச் ஆகிவிட்டேன். போட்டியில் ஓரமாக நின்று, "காலு! காலு! கைய நீட்டு!" என்று கத்துவேன். நடுவர் திரும்பிப் பார்த்து முறைத்தால் வாயை மூடிக்கொள்வேன். வாய்தான் மூடும், முகம் பேசிக்கொண்டே இருக்கும்.

நாலாவது போட்டி எங்கள் தீவுக்கு எதிரே, பெருநிலத்தில் நடந்தது. திரும்பி வரும்போது, கடல் பாலத்தின் பாதியில், பின் சீட்டிலிருந்து அவள் சொன்னாள். "அம்மா, இனிமே நீங்க வராதீங்க."

"ஏன்?"

"நான் அடி வாங்குறப்பெல்லாம் உங்க மூஞ்சி தெரியுது."

"முகக்கவசம் போட்டிருக்கே, அதுக்குள்ளருந்தா தெரியுது?"

"அதுக்குள்ளருந்துதான் நல்லா தெரியுது லா."

என் கணவர் சிரித்துவிட்டார். அவருக்கென்ன, இரத்த அழுத்தத்தைக் காரணம் சொல்லிக்கொண்டு எல்லாப் போட்டிக்கும் கார் நிறுத்துமிடத்திலேயே உட்கார்ந்திருப்பவர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மனசு வலித்தது. அவளுக்காக ஓவர்டைமை விட்டிருக்கிறேன், அவளுடைய சட்டையைக் கையாலேயே துவைத்திருக்கிறேன், இத்தனையும் செய்துவிட்டு என் முகத்தைத்தான் கொண்டுவந்து நடுவில் வைத்திருக்கிறேனா என்று வீடு வரும்வரை மனசுக்குள் அதுவே ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் கோச்சிடம் நியாயம் கேட்கப் போனேன். மேல்மாடிக் கதவைத் திறந்ததும் எதிர்ச் சுவரில் என் படம். போன தீபாவளி விருந்தில் யாரோ எடுத்தது. கேசரியில் சர்க்கரை குறைவு என்று நினைத்துக்கொண்டிருந்த நேரம் போலிருக்கிறது. அதைப் பெரிதாக அச்செடுத்து, பயிற்சிப் பாயின் கோடியில், என் மகளின் கண் மட்டத்துக்கு ஒட்டி வைத்திருந்தார்கள்.

"பழகட்டும்னுதான் அக்கா" என்றார் கோச், பாதி சிரிப்பும் பாதி பயமுமாக. "மத்ததெல்லாம் செஞ்சு பாத்தாச்சு. இது ஒண்ணுதான் பாக்கி."

"பழகிட்டாளா?"

"இல்லக்கா. மத்தப் பிள்ளைங்களும் இப்ப தோக்க ஆரம்பிச்சிட்டாங்க."

கடைசியில் அவர் நடுவில் நின்று ஓர் ஒப்பந்தம் செய்துவைத்தார். மாநில அணித் தேர்வுப் போட்டி வருகிறது. ஜார்ஜ் டவுனில் ஒரு பள்ளி மண்டபத்தில். முதல் நாலு பேருக்கு அணியில் இடம். அதற்கு நான் வரலாம், ஆனால் சுவரோரமாக உட்கார வேண்டும், வாயே திறக்கக் கூடாது. அன்றைக்கு என்னால் ஏதாவது கெட்டுப்போனால், அதன் பிறகு நானும் என் கணவரோடு கார் நிறுத்துமிடத்தில்தான். என் மகள் கையை நீட்டினாள், நான் குலுக்கினேன். அவளுக்கு அணியில் இடம், எனக்கு மண்டபத்துக்குள் இடம், இரண்டுமே அந்த ஒரு நாளில் முடிவாக வேண்டும்.

போட்டிக்கு மூன்று நாள் முன்னால் ஆயுத பூஜை வந்தது.

நான் என்ன செய்வேன்? வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் ஒப்பந்தம், சாமி கும்பிடக் கூடாது என்று இல்லையே. இரண்டு வாள்களையும் துடைத்து வைத்தேன். பழைய வாளுக்குக் கைப்பிடியில் சந்தனமும் குங்குமமும் இட்டேன். புதிய வாள் போட்டிக்கென்றே வாங்கியது. அதற்கும் கைப்பிடியில் இட்டேன். பிறகு, வேலை செய்யப்போவது கைப்பிடியா முனையா என்று ஓர் எண்ணம் வந்தது. சுற்றிப் பார்த்தேன், யாரும் இல்லை. சந்தனத்தைக் கொஞ்சம் தண்ணீராகக் குழைத்து, முனையில் இருக்கிற பொத்தானின் மேல் ஒரு பொட்டு வைத்தேன். சின்னதாகத் தெரிந்ததால் இன்னொன்றும் வைத்தேன்.

மறுநாள் அவள் பழைய வாளைத் துடைத்துப் பயிற்சிக்கு எடுத்துப்போனாள். புதியது பூஜை மாடத்திலேயே இருந்து, போட்டிக்கு முந்தின சாயங்காலம்தான் பைக்குள் போனது. பதினேழு வருடமாக, இணைப்பில் ஒரு துளி தூசி இருந்தாலே கேபிளைத் தள்ளிவைக்கிற எனக்கு, அந்த மூன்று நாளில் ஒரு தடவைகூட அந்தப் பொட்டின் மேல் சந்தேகம் வரவில்லை. அம்மா வேலை பார்க்கும்போது கேபிள்காரி விடுப்பில் இருந்திருக்கிறாள்.

போட்டி நாள் காலையில் சுவரோரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் குழுச் சுற்று. ஆறு பிள்ளைகள், ஒருவரோடு ஒருவர் மோத வேண்டும். என் மகள் புதிய வாளோடு போய் நின்றாள். தொடங்கும் முன் நடுவர் வாள்முனையில் ஓர் எடைக்கட்டியை வைத்துப் பார்ப்பார். நல்ல பொத்தான் என்றால் அந்த எடையைத் தூக்கிக்கொண்டு வெளியே வரும். இது வரவில்லை. உள்ளே போன பொத்தான் உள்ளேயே உட்கார்ந்துவிட்டது. நடுவர் ஒரு சீனப் பெண்மணி. பொத்தானை நகத்தால் சுரண்டினார். விரலில் ஒட்டியதைப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார். பிறகு மஞ்சள் அட்டையைத் தூக்கினார்.

என் மகள் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். கோச்சும் பார்த்தார். நான் கூரையில் மின்விசிறி சுற்றுவதைப் பார்த்தேன்.

அவள் பழைய வாளை எடுத்துக்கொண்டாள். கோச் புதியதைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். "நேத்து கேட்டேன்கா, புதுசு ஓகேவான்னு. ஓகே கோச்னு சொன்னா" என்றார். "பழசு ஒண்ணுதான் இருக்கு. அதுவும் போச்சுன்னா அவ்ளோதான். நீங்கதானே கேபிள் எக்ஸ்பர்ட், பாருங்க." சின்னத் திருப்புளி, பஞ்சுக்குச்சி, ஒரு குப்பி ஸ்பிரிட், எல்லாவற்றையும் என் மடியில் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

குனிந்தேன். முனையில் கடுகளவு இரண்டு திருகுகள். கழற்றிப் பொத்தானை வெளியே எடுத்தால், உள்ளே ஸ்பிரிங்கின் ஒவ்வொரு வளையத்திலும் சந்தனம் காய்ந்து சிமெண்டாகியிருந்தது. தொழிற்சாலையில் இப்படி ஒன்று வந்திருந்தால் செய்தவளைக் கூப்பிட்டு உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். வளையம் வளையமாகத் துடைத்தேன். திரும்பப் பூட்டினேன். தலை நிமிர்வதற்குள் கோச் இன்னொரு வாளைக் கொண்டுவந்தார். "இதுவும் கொஞ்சம் சந்தேகமா இருக்குக்கா." அது வேறு பிள்ளையுடையது. அதை முடித்தேன். இன்னொன்று வந்தது. ஆறு வாள்கள். அலமா, இந்தப் பிள்ளைகளுக்குத் தங்கள் ஆயுதத்தைத் தாங்களே பார்க்கத் தெரியாதா என்று முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொன்றாகக் கழற்றிப் பூட்டினேன்.

ஆறாவதை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது குழுச் சுற்று முடிந்திருந்தது. என் மகள் ஐந்தில் நாலை ஜெயித்திருந்தாள். ஒன்றையும் நான் பார்க்கவில்லை. நான் எதையும் பார்க்காததாலும், என் முகம் திருப்புளிக்கு மேல் கவிழ்ந்திருந்ததாலும்தான் அது நடந்தது என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. நாக்-அவுட்டின் முதல் சுற்றையும் அவள் தாண்டினாள். மூன்று வருடத்தில் முதல் தடவை. அந்த நேரம் நான் யாருடைய வயரையோ வளைத்து வளைத்து எங்கே அறுந்திருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தேன்.

அடுத்தது காலிறுதி. அதை ஜெயித்தால் நாலுக்குள் வந்துவிடுவாள், அணியில் இடம் உறுதி. கொடுக்க வாள் எதுவும் மிச்சமில்லை. வேறு வழியில்லாமல் பார்த்தேன்.

எதிரில் ஒரு நெடுநெடு பெண். இவள் இரண்டடி முன்னே போனால் அந்தப் பெண் கையை நீட்டினாலே போதும். ஆனாலும் என் மகள் விட்டுக்கொடுக்காமல் ஒன்பதுக்கு ஒன்பது என்று இழுத்து வந்தாள். அப்போது இவள் நேராகக் குத்தினாள், விளக்கு எரியவில்லை. பழைய வாளின் வயர் போய்விட்டது. பாயின் கோடிக்கு வந்து, நான் துடைத்த புதிய வாளை எடுத்தாள். அதே நடுவர். எடைக்கட்டியை வைப்பதற்கு முன் முனையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். பிறகு வைத்தார். பொத்தான் டக்கென்று வெளியே வந்தது. நான் விட்ட பெருமூச்சில் பக்கத்து நாற்காலிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

கொஞ்ச நேரத்தில் மூன்று நிமிடம் முடிந்து மணி அடித்தது. ஒரு நிமிட இடைவேளை. அந்த நிமிடத்தில் கோச் வந்து பேச வேண்டும். கோச் மண்டபத்தின் அந்தக் கோடியில் வேறொரு பிள்ளையோடு நின்றார். என் மகள் முகக்கவசத்தைத் தூக்கினாள், அவரைத் தேடினாள். அப்புறம் சுவர்ப் பக்கம் பார்த்து, கையால் வா என்றாள்.

என்னையா என்று கேட்டு மார்பைத் தொட்டேன். வேறு யாரை என்பதுபோல் கண்ணை உருட்டினாள்.

ஓடினேன். மூன்று வருடத்துக் காணொளிகள் எல்லாம் தொண்டையில் வந்து நின்றன. முழங்கையை மடக்காதே, தூரத்தைக் குறைக்காதே, அவள் மணிக்கட்டைப் பார், மூச்சை விடு. வாயைத் திறந்தேன்.

"அம்மா" என்றாள். மூடிக்கொண்டேன். "தண்ணி."

போத்தலைப் பிடித்தேன். குடித்தாள். மூச்சு இரைத்தது. நெற்றியெல்லாம் வேர்வை. துடைக்கக் கை பரபரத்தது, அடக்கிக்கொண்டேன்.

"சந்தனம் உங்க வேலைதானே?"

"ஆமா."

"முனையிலயா போய் வெப்பாங்க?"

"குத்துற இடம் அதுதானேன்னு..."

அவளுக்குப் புரைக்கேறிவிட்டது. தண்ணீர் மூக்கு வழியாக வந்தது. இருமிக்கொண்டே சிரித்தாள், எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நடுவர் கூப்பிட்டார். முகக்கவசத்தைப் போட்டுக்கொண்ட பிறகும் அவள் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. அப்படியே போய் அடுத்தடுத்து மூன்று புள்ளி எடுத்தாள். நான் சுவருக்குத் திரும்பிப் போகவில்லை, போத்தலும் கையுமாக அங்கேயே நின்றேன். யாரும் போகச் சொல்லவில்லை.

பதினாலுக்குப் பதினாலு வந்தது. ஸ்பீக்கர் கூச்சலோடு கோச் எத்தனையோ தடவை விளையாட வைத்த அதே கடைசிப் புள்ளி. இவள் கை சுருங்கவில்லை. நன்றாக நீட்டித்தான் போனாள். அந்தப் பெண்ணின் கை இன்னும் நீளம். அந்தப் பக்கத்து விளக்கு எரிந்தது.

கை குலுக்கிவிட்டு வந்தவள் முகக்கவசத்தைக் கழற்றி நேராக என்னைத்தான் பார்த்தாள். என் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. போத்தலை நீட்டினேன், வாங்கிக்கொண்டாள்.

ஐந்தாவது இடம். அணியில் இல்லை. நாலு பேரில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் கூப்பிடுவார்களாம். பைகளைக் கட்டும்போது கோச் வந்தார். "அக்கா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. அந்த மத்த வாளெல்லாம் நேத்தே நான் சுத்தம் பண்ணிட்டேன்." எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்ன விதத்தில் நிற்கவில்லை.

கார் கிளம்பியது. நான் முன் சீட்டில், அவள் பின்னால் பைகளுக்கு நடுவில். என் கணவர் எத்தனாவது என்று கேட்டார், அவள் சொன்னாள். ஆயர் ஈத்தாம் சாலையில் வழக்கமான நெரிசல். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. அதுவே எனக்குத் தாங்கவில்லை.

"சந்தனம் வெச்சது என் தப்புதான்" என்றேன், திரும்பாமலே. "காலையிலயே உன்ன மூட் அவுட் ஆக்கிட்டேன். ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். அடுத்த தடவ நான் வரல."



"நேத்து பை கட்டுறப்பவே பாத்தேன்மா" என்றாள்.

"எத?"

"முனையில சந்தனம் இருந்தத."

"பாத்துட்டு ஏன்டி தொடைக்கல?"

"தொடைக்கத்தான் போனேன்." பையின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடுகிற சத்தம் கேட்டது. "எனக்கும் பயமாதானே இருந்துச்சு. நீங்க வெச்சது, இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் அவசரமாகச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, கடைப் பலகைகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். எதுவும் தெளிவாகத் தெரியவில்லை.

"அம்மா, சைடு கண்ணாடில உங்க மூஞ்சி தெரியுது" என்றாள் பின்னாலிருந்து.

மறைத்துக்கொள்ளக் கையைத் தூக்கினேன்.

"இருக்கட்டும்மா" என்றாள். "தெரியட்டும்."